பாதிரியார் பெற்ற பிள்ளை

'சமூக நீதி' என்றதும் ஊர்வலமும் கோஷமும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அதை முதலில் பேசியவர்களில் ஒருவரோ கறாரான பழமைவாதி: லூயிஜி தப்பரெல்லி என்ற இயேசு சபைப் பாதிரியார். 1840-களில் சிசிலியில் இருந்தபடி இயற்கைச் சட்டம் பற்றிக் கனத்த நூலொன்று எழுதினார். மனிதர் என்ற வகையில் எல்லோரும் சமம். ஆனால் ஆளுக்கு ஆள் ஆற்றலும் அந்தஸ்தும் மாறுவது இயல்பு என்பது அவர் கட்சி. வேடிக்கை பாருங்கள், அவருடைய தம்பி மாசிமோ பின்னாளில் பியத்மாந்து அரசின் தாராளவாதப் பிரதமரானார்.

1848-ல் ரோஸ்மினி என்ற இன்னொரு பாதிரியார் இதே சொல்லை நூல் தலைப்பிலேயே போட்டார். அவர் கண்ட நீதியில், கட்டும் வரி கூடக் கூட வாக்கின் பலமும் கூடும்! வாத்திகன் அடுத்த ஆண்டு அந்நூலுக்குத் தடை போட்டுவிட்டது. 1931-ல் அதே வாத்திகனிலிருந்து, போப் 11-ஆம் பயஸ் தம் சுற்றுமடலில் சமூக நீதியைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

அதற்குள் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. சமூக நீதி இல்லாமல் நிலையான அமைதி இல்லை என்று 1919-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் சாசனத்தில் எழுதிவிட்டது. அமெரிக்காவில் அச்சொல் தவறான கைகளிலும் சிக்கியது. மிச்சிகன் மாநிலத்து வானொலிப் பாதிரியார் சார்லஸ் காஃப்லின் 1936-ல் அதே பெயரில் பத்திரிகை தொடங்கினார். 1938-ல் அதில் யூதர்கள்மீது பழிசுமத்தும் போலி ஆவணத்தைத் தொடராக வெளியிட்டார்.

தத்துவத் துறை சமூக நீதியைத் தன் மையத்துக்குக் கொண்டுவந்தது 1971-ல்தான். பணக்கார வீட்டில் பிறப்போமா, ஏழை வீட்டிலா என்று தெரியாத நிலையில் சமூகத்துக்கு விதி வகுத்தால் எப்படி வகுப்போம் என்று கேட்டார் ஹார்வர்டின் ஜான் ரால்ஸ். கடைசிப் படியில் நிற்பவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை ஏற்க மாட்டோம் என்பது அவர் விடை. அதே துறையில் இருந்த ராபர்ட் நாசிக் 1974-ல் மறுத்தார். கூடைப்பந்து வீரர் சேம்பர்லெயினைப் பார்க்கப் பத்து லட்சம் பேர் மனமுவந்து ஆளுக்கு 25 சென்ட் கொடுத்தால், அவர் கையில் சேரும் 2,50,000 டாலரில் அநீதி எங்கே என்று கேட்டார். சமூக நீதி வெறும் கானல்நீர் என்றார் பொருளியலாளர் ஹாயெக், 1976-ல்.

எனக்குப் பிடித்தது நாசிக்கின் பிற்கதை. அரசு தலையிடக் கூடாது என்ற அவரே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டித் தம் வீட்டுக்காரரிடமிருந்து 30,000 டாலருக்கு மேல் வாங்கினார். அந்த வீட்டுக்காரர் 'லவ் ஸ்டோரி' நாவலாசிரியர் எரிக் சீகல்.