நுகர்வோர் புறக்கணிப்பு (திருநெல்வேலிச் சீமை)

நுகர்வோர் புறக்கணிப்பு என்பது ஒரு பொருளையோ சேவையையோ வாங்க மறுத்து, அதற்கான காரணத்தை ஊரறியச் சொல்லும் அறப்போராட்டம். இளையரசனேந்தல், கோவில்பட்டி, தூத்துக்குடி வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலிச் சீமையில் இது 1906–1908 காலத்தில் உச்சம் தொட்டது.

தோற்றம்

1905 வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியப் பொருள் மறுப்பு நாடெங்கும் பரவியது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, மறுப்போடு மாற்றையும் மக்கள் கையில் கொடுத்தார். தரும சங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை ஆகியவை அவ்வாறு எழுந்தவை.

உத்திகள்

மாற்று நிறுவனம்: தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. பிரிவினை நடந்து சரியாக ஓராண்டு நிறைந்த 1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே பங்குதாரர் ஆகலாம். 1907இல் காலியா, லாவோ கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசப் பயணமும் தர முன்வந்தது. அப்போதும் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களே இவ்வுத்தியின் உண்மையான பலம்.

சேவை மறுப்பு: 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வ.உ.சி.யின் ஆதரவோடு வேலைநிறுத்தம் செய்தனர். முடிதிருத்துவோரும் சலவைத் தொழிலாளரும் ஆலை நிர்வாகத்தின் பக்கம் நின்றவர்களுக்கு வேலை செய்ய மறுத்தனர். வ.உ.சி.க்கு எதிரான வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதி சவரத்தில் கத்தியை எடுத்துவிட்டார் ஒரு தொழிலாளி. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

பரப்புரை: வ.உ.சி.யின் தோழர் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் பேசினார். எட்டயபுரத்துப் பாரதியார் சென்னையில் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் கருத்துப்படங்கள் வழியே சுதேசியத்தைக் கொண்டு சென்றது.

ஒடுக்குமுறை

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தலைமையை இழந்த கப்பல் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சியில் அரசின் அடக்குமுறைக்கும் பங்கு உண்டு.

பிற்காலம்

தாமிரபரணி நீரைக் குளிர்பான ஆலைகளுக்கு வழங்குவதை எதிர்த்துக் கங்கைகொண்டானில் போராட்டங்கள் நடந்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. இன்று நுகர்வோர் குறைகளுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது.