ஏயும் பியும் எங்க போச்சு?

உங்கட விண்டோஸ் கணினியில வன்தட்டு 'சி' எண்டுதான் தொடங்கும். ஏயும் பியும் நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கின எழுத்துகள். இந்தப் பழக்கம் சிபி/எம் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. 'பயோஸ்' என்ற சொல்லும் அங்கிருந்துதான். கலிபோர்னியாவில் 1974 இல் அதை எழுதியவர் கேரி கில்டால். வன்பொருளோடு பேசும் பகுதியை அவர் தனியாகப் பிரித்துவைத்தார். வேறு கணினிக்குக் கொண்டுபோக அந்தத் துண்டைத் திருத்தினால் போதும். அதாலதான் பல கம்பனிகளின் கணினிகளில் அது ஓடியது.

1980 இல் ஐபிஎம் தேடிவந்த நாள் அவர் விமானம் ஓட்டப் போனார், வாய்ப்பைக் கோட்டை விட்டார் எண்டு ஒரு கதை இப்பவும் சுத்துது. எனக்கு அது பிடிக்கேல்லை. அவர் பறந்தது வேலை விசயமாக. ஐபிஎம் பிறகு சிபி/எம்-86 ஐயும் விற்றதே! ஆனால் விலை 240 டொலர். பிசி டாஸ் 40 டொலர்தான். அந்த டாஸோ, சிபி/எம்மைப் பார்த்து வேறொரு கம்பனி செய்ததை மைக்ரோசொஃப்ட் வாங்கித் திருத்தியது. கடைக்குப் போற ஆள் எதை எடுப்பார்?

கில்டால் 1994 இல், 52 வயதில் இறந்தார். பசிபிக் குரோவ் நகரில் அவரது பழைய அலுவலகத்துக்கு முன்னால் நினைவுப்பலகை வந்தது 2014 இல்.