சந்திராவதியின் சீதை

எங்கள் வீட்டில் ராமாயணம் பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடும். பாட்டி புத்தகத்தை மூடி, கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பானகம் கொடுப்பார். "அப்புறம் சீதை என்ன ஆனா பாட்டி?" என்று கேட்டால், "அதையெல்லாம் வீட்ல வெச்சுப் படிக்கக் கூடாதுடி" என்பார். கம்பரும் பட்டாபிஷேகத்தோடுதான் முடிக்கிறார். உத்தர காண்டம் தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாகவே வழங்குகிறது. கர்ப்பிணியான மனைவியைக் கணவன் காட்டுக்கு அனுப்பும் கதை அமங்கலமானது. அதைப் பேசாமல் விடுவதே சீதைக்குச் செய்யும் மரியாதை என்று பல ஆண்டுகள் நானும் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை உடைத்தது வங்கக் கவிஞர் சந்திராவதியின் ராமாயணம். 16ஆம் நூற்றாண்டில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் கிஷோர்கஞ்ச் பகுதியில், புலேஸ்வரி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் அவர். தந்தை துவிஜ பன்ஷிதாஸ், நாகதேவதையான மானசாவைப் பாடிய கவிஞர். சந்திராவதியின் ராமாயணம் கிராமத்துப் பெண்களின் பாட்டாகவே நெடுங்காலம் வாழ்ந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காகத் தினேஷ் சந்திர சென் பதிப்பித்த 'பூர்வவங்க கீதிகா'வில் 1932இல்தான் அது அச்சேறியது.

அளவில் சிறிய பாட்டு, மூன்றே பகுதிகள். தசரதனின் யாகத்தில் தொடங்காமல் சீதையின் பிறப்பில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் இன்னொரு பெண்ணின் துயரம் இருக்கிறது. ராவணன் வேறு பெண்களோடு களித்திருக்க, புறக்கணிக்கப்பட்ட மண்டோதரி சாக நினைத்து, முனிவர்களின் ரத்தத்தை விஷமென்று எடுத்துக் குடிக்கிறாள். சாவு வரவில்லை; கரு உண்டாகிறது. அவள் வயிற்றிலிருந்து வந்த முட்டையைக் கடலில் விடுகிறார்கள். அது ஓர் ஏழை மீனவனின் வலையில் சிக்குகிறது. அவன் மனைவி சதா அதைப் பத்திரமாகக் காத்து, ஜனகனின் அரசியிடம் சேர்க்கிறாள். அந்த மீனவப் பெண்ணின் பெயரை ஒட்டித்தான் குழந்தைக்குச் சீதை என்று பெயர். சீதையின் பிறப்புக்குக் காரணம் ஒரு மனைவியின் மனவேதனை. அவளுக்குப் பெயர் தந்தது ஒரு மீனவப் பெண்ணின் கை. எந்த அரசனின் வம்சப் பெருமைக்கும் அங்கே இடமில்லை.

இரண்டாம் பகுதியில் சீதையே பேசுகிறாள். அயோத்திக்குத் திரும்பிய பிறகு, தோழிகள் சூழ உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறாள். வங்கத்தில் 'பாரமாசி' என்றொரு பாட்டு வகை உண்டு. பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு மாதமும் ஒரு பெண் பட்ட இன்ப துன்பங்களைப் பாடுவது. காப்பியத்தையே அந்த வடிவத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார் சந்திராவதி. ஆண் கவிகள் ஒரு காண்டம் முழுக்கப் பாடிய போர் இங்கே சில வரிகளில் கடந்துபோகிறது. போர்க்களத்தில் இல்லாத பெண்ணுக்குப் போர் அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்தது காத்திருப்பு. அதைத்தான் மாதம் மாதமாக எண்ணிச் சொல்கிறாள்.

மூன்றாம் பகுதி, எங்கள் பாட்டி மூடிவைத்த பகுதி. கைகேயியின் மகள் குகுயா, ராவணனின் உருவத்தை வரைந்து காட்டும்படி சீதையை நச்சரிக்கிறாள். வேறு வழியில்லாமல் சீதை ஒரு விசிறியில் வரைந்துவிட்டு, கர்ப்பகாலக் களைப்பில் தூங்கிப்போகிறாள். குகுயா அந்த விசிறியை அவள் மார்பின்மேல் வைத்துவிட்டு ராமனைக் கூட்டிவந்து காட்டுகிறாள். இந்தப் படம் வரையும் கதை தெலுங்குப் பெண்களின் பாட்டிலும் உண்டு. அங்கே வரையச் சொல்கிறவள் மாறுவேடத்தில் வந்த சூர்ப்பனகை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழியைக் கொண்டுவந்து ஒரு நாத்தனார் தலையில் வைத்துவிட்டாரே என்று முதலில் தோன்றியது. ஆனால் சந்திராவதி ராமனை அத்தோடு விட்டுவிடவில்லை. கதைக்கு நடுவே தானே குரல் கொடுத்து, அடுத்தவர் பேச்சைக் கேட்டு அறிவிழந்தாய் என்று அவனைக் கண்டிக்கிறார். இதனால் நாடே கெடும் என்கிறார். தூண்டியவள் பெண்தான், தீர்ப்புச் சொன்னவன் அரசன். இந்த வேறுபாட்டை அந்தப் பாட்டு மறைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு பிரதியை அறிஞர்கள் பலகாலம் முழுமை பெறாத, வலுவில்லாத படைப்பு என்று ஒதுக்கினார்கள். ராமனின் வீரம் இல்லையென்றால் ராமாயணம் அரைகுறை என்பதுதான் அவர்கள் கையில் இருந்த அளவுகோல். நவநீதா தேவ் சென் அதை மறுத்து எழுதினார். குறையாகச் சொல்லப்பட்டதெல்லாம் ஒரு பெண் தெரிந்தே செய்த தேர்வு என்று காட்டி, இதைச் சீதையின் கதையாக வாசித்தார். அவருடைய கட்டுரை வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் சந்திராவதியிடம் வந்து சேர்ந்தோம்.

இனி, நான் செய்த ஒரு தவறு. முதன்முதலாக வகுப்பில் இவரைப் பற்றிச் சொன்னபோது, இவர் வாழ்க்கைக் கதையில் தொடங்கினேன். 1923இல் வெளியான 'மைமன்சிங் கீதிகா'வில், நயன்சந்த் கோஷ் பாடியதாக ஒரு கதைப்பாடல் இருக்கிறது. சிறுவயதிலிருந்தே தன்னோடு பூப்பறித்த ஜெயானந்தனைச் சந்திராவதி நேசிக்கிறாள். திருமணம் நிச்சயமாகிறது. அவன் வேறொரு பெண்ணை விரும்பி, மதம் மாறி அவளை மணக்கிறான். இனித் திருமணமே வேண்டாம் என்கிறாள் சந்திராவதி. சிவனை வழிபடு, ராமாயணம் எழுது என்கிறார் தந்தை. பின்னொரு நாள் அவன் மனம் வருந்தித் திரும்பி வருகிறான். கோயில் கதவு திறக்கவில்லை. பூச்சாற்றால் கதவில் எழுதிவிட்டுப் போகிறான். தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போன சந்திராவதி அவன் உடல் மிதப்பதைக் காண்கிறாள்.

வகுப்பே அழுதது. அடுத்த வாரம் கேட்டபோது ஜெயானந்தனின் பெயர் எல்லோருக்கும் நினைவிருந்தது. மண்டோதரி குடித்த விஷம் யாருக்கும் நினைவில்லை. அப்போதுதான் உறைத்தது: சீதையை ராமனின் கதையிலிருந்து மீட்டெடுத்த ஒரு கவிஞரை, நான் ஓர் ஆணின் துரோகக் கதைக்குள் அடைத்துவிட்டேன். அந்தக் கதைப்பாடலும் இன்னொருவர் அவரைப் பற்றிப் பாடியதுதான்.

அடுத்த ஆண்டு மண்டோதரியில் தொடங்கினேன். கடைசியில்தான் வாழ்க்கைக் கதையைச் சொன்னேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "அவங்க கதவைத் திறக்கலைங்கறதுதான் மேடம் முக்கியம். சீதைக்கு அந்தக் கதவு இல்லையே" என்றாள்.

துயரக் காதலை ஆண்களும் பாடியிருக்கிறார்கள். கண்ணீர் வரும்படியே பாடியிருக்கிறார்கள். அந்தக் கண்ணீர் பெரும்பாலும் விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். சந்திராவதி பொறுப்பு யாருடையது என்று கேட்டார். பிறந்த வீட்டுக் குறையையும் புகுந்த வீட்டுக் குறையையும் ஒப்பாரியில் வைத்துப் பாடும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நானூறு ஆண்டுகள் வாய்வழியாக வந்த சந்திராவதியின் பாட்டிலும், பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் சொற்கள் சேர்ந்திருக்கும்.

பாட்டி இன்று இல்லை. அவர் புத்தகத்தை மூடியது சீதைக்காகவா, ராமனுக்காகவா என்று கேட்டிருக்கலாம்.