எரிந்த கை, நடுங்கிய கை

தீக்காய வார்டில் செவிலியாக வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானியாக இருந்த ரிச்சர்டு ஹிலாரி எழுதிய ‘தி லாஸ்ட் எனிமி’யைப் படித்தால் எனக்கு வானத்துச் சண்டை மனதில் நிற்பதில்லை. அவருடைய கைகள்தான் நிற்கின்றன.

ஆக்ஸ்போர்டில் படித்தவர், படகோட்டி, பார்க்க அழகன். போர் விமானி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பத்திரிகைகள் வரைந்த படத்துக்கு அப்படியே பொருந்தினார். 1940 செப்டம்பர் 3 அன்று அவருடைய ஸ்பிட்ஃபயர் விமானம் சுடப்பட்டது. அதில் பெட்ரோல் டாங்க் விமானிக்கு நேர் முன்னால் இருக்கும். தீப்பிடித்தால் முதலில் வேகுவது முகமும் கையும்தான். கையுறை போட்டால் பிடி சரியாக வராது என்று அதைக் கழற்றிவிட்டுப் பறந்தவர்கள் அன்று பலர்.

கடலில் விழுந்தவரை மார்கேட் மீட்புப் படகு கரை சேர்த்தது. கைகளில் டானிக் அமிலம் பூசினார்கள். அன்றைய வழக்கம் அது. பூச்சு ஓடு மாதிரி இறுகும், அடியில் சீழ் கோர்க்கும், விரல்கள் மடங்கிப்போகும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ இதை எதிர்த்தார். கடலில் விழுந்தவர்களின் புண் நன்றாக ஆறியதைப் பார்த்து, உப்புநீர்த் தொட்டியில் கிடத்தினார். ஹிலாரிக்குப் புது இமைகள் வைத்தார். இமை போனவருக்குத் தூக்கத்திலும் கண் மூடாது, கருவிழி வறண்டு புண்ணாகிவிடும். ராத்திரி டியூட்டியில் அப்படி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், தைரியம் எத்தனை மணி நேர வேலை என்று.

மெக்கிண்டோ தம் நோயாளிகளை மருத்துவமனை உடுப்பில் ஒளித்து வைக்கவில்லை. ராணுவச் சீருடையிலேயே ஊருக்குள் அனுப்பினார். வார்டில் பீர் பீப்பாய் இருந்தது. முகம் சிதைந்தவனும் முழு ஆண்தான் என்று ஒரு ஊரையே பழக்கினார். அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் அதே விமானப்படை, பயத்தால் பறக்க முடியாமல் போனவர்களின் கோப்பில் ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று எழுதியது. சிறகுச் சின்னத்தைப் பறித்தது. பல தடவை குண்டுவீசப் போய் உயிரோடு திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. தோல் வெந்தால் வீரன். நரம்பு வெந்தால் கோழை! இரண்டும் காயம்தானே?

ஹிலாரியின் புத்தகம் 1942-இல் வந்தது. ஊரே கொண்டாடியது. அதோடு அவர் நின்றிருக்கலாம். கத்தி, முள்கரண்டி பிடிக்கவே சிரமப்பட்ட கைகளோடு மறுபடி பறக்கக் கேட்டார், அனுமதியும் கிடைத்தது. 1943 ஜனவரி 8, ஸ்காட்லாந்தின் சார்ட்டர்ஹாலில் இரவுப் பயிற்சி. விமானம் விழுந்தது. வயது 23. கூட இருந்த நேவிகேட்டரும் இறந்தார். ஹிலாரியைக் காவிய நாயகனாக்கி எழுதியவர்கள் பலர். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மீதுதான் எனக்கு இன்னும் கோபம்.