காயலான் கடைக்குத் தப்பிய வண்டி

போன ஜனவரியில் அப்பா டில்லிக்கு வந்திருந்தார். 75 வயது. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டியே எங்களைப் படிக்க வைத்தவர். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் இங்கே நாமெல்லாம் என்ன செய்வோமோ அதையேதான் நானும் செய்தேன். குதுப் மினார், செங்கோட்டை, ஆர்.கே.புரம் மலை மந்திரில் அர்ச்சனை, கரோல் பாகில் ஸ்வெட்டர். எல்லா இடத்துக்கும் வந்தார், எதையும் குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்குது கண்ணு, குளுருதான் தாங்கல" என்பதோடு சரி.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, குட்டி ரயிலில் ஏறியே ஆகவேண்டும் என்று மகள் அடம் பிடித்ததால் சாணக்யபுரி ரயில் மியூசியத்துக்குப் போனோம். நீராவி எஞ்சின்களைப் பார்த்தோம், பாட்டியாலா மகாராஜாவின் மோனோ ரயிலைப் பார்த்தோம். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், ஒரு சிவப்பு வண்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அங்கிருந்த காவலாளியோடு ஹிந்தியில் பேச்சு வேறு. இருபது வருஷமாக டில்லியில் இருக்கும் என் ஹிந்தியை விட, லாரி ஓட்டிக் கற்றுக்கொண்ட அவர் ஹிந்தி நன்றாக இருந்தது :-)

அந்தச் சிவப்பு வண்டி ஒரு தீயணைப்பு வண்டி. ரயிலுக்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தவன்தான். இந்த முறை முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

வண்டி கட்டப்பட்ட வருடம் 1914. கட்டியவர்கள் இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டியிருக்கும் சால்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் மாரிஸ் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம். அவர்கள் தொழில் தீயணைப்புக் கருவிகள் செய்வது. சேஸிஸ் அவர்களுடையது இல்லை, பெல்சைஸ் என்ற மோட்டார் கம்பெனியிடம் வாங்கியது. அதன் மேல் பம்பு, ஏணி, மணி எல்லாவற்றையும் மாரிஸ் கம்பெனி ஏற்றியது. ஒருவரிடம் சேஸிஸ் வாங்கி இன்னொருவர் பாடி கட்டும் இந்த ஏற்பாட்டைச் சொன்னதும் அப்பா, "அட, நம்மூரு பட்டறைக் கணக்குதான்" என்றார். நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கிய ஊர்கள். உண்மையில் அதே கணக்குதான்.

இதை வாங்கியது ஹைதராபாத் நிஜாமின் ரயில்வே. செகந்திராபாத்தில் லாலாகுடா என்ற இடத்தில் 1893லேயே அவர்களுக்கு ஒரு பெரிய பணிமனை இருந்தது. ரயில்வேக்கு எதற்குத் தீயணைப்பு வண்டி என்று எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்தால் விஷயம் புரியும். அந்தக் காலத்து ரயில் பெட்டி முழுக்க மரம். அதைச் செய்யும் இடத்தில் மரத்தூள், வார்னிஷ், பெயிண்ட், எண்ணெய் துடைத்த கழிவுப் பஞ்சு. வெளியே போகும் எஞ்சினெல்லாம் தீப்பொறி கக்கும் நீராவி எஞ்சின். ஒரு பொறி போதும். அந்தப் பணிமனைக்குக் காவலாகச் சுமார் 1960 வரை, அதாவது ஏறக்குறைய 45 வருடம், இந்த வண்டி அங்கே வேலை பார்த்தது. நடுவில் நிஜாம் ஆட்சி முடிந்தது, அவருடைய ரயில்வே இந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. வண்டி மட்டும் அதே ஷெட்டில் இருந்தது.

இதற்கு முந்தைய தலைமுறைத் தீயணைப்பு எஞ்சினைக் குதிரைதான் இழுத்தது. பம்பை ஓட்டியது நீராவி. மணி அடித்தவுடன் அடுப்பை மூட்டி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆவியை ஏற்றிக்கொண்டு போவார்கள். போய்ச் சேரும் முன் ஆவி தயாராக வேண்டும், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மோட்டார் தீயணைப்பு வண்டி வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. ஓடும்போது சக்கரத்தைச் சுற்றும் அதே எஞ்சின், நின்றபின் பம்பைச் சுற்றும். இன்று உங்கள் தெருவுக்கு வரும் தீயணைப்பு வண்டியும் பெரும்பாலும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

வசதிகள் என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது. டயரில் காற்று இல்லை, கெட்டி ரப்பர். ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். அந்தக் காலத்துத் தீயணைப்பு வண்டிகளில் ஆட்களுக்கு உள்ளே இடம் கிடையாது. இரண்டு பக்கமும் நீளமாக இருக்கும் பலகையில், முதுகை உள்பக்கம் வைத்து வெளியே பார்த்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த அமைப்புக்கு பிரெய்ட்வுட் என்பவரின் பெயர். 1824ல் எடின்பரோவில் தீயணைப்புப் படையை அமைத்து, பிறகு லண்டன் படைக்குத் தலைவராகி, 1861ல் ஒரு பெரிய தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தவர். வளைவில் வேகமாகத் திரும்பினால் அந்தப் பலகையிலிருந்து ஆட்கள் கீழே விழுவது உண்டு. ஆட்களை உள்ளே உட்கார வைக்கும் மூடிய பாடி பிரிட்டனிலேயே 1930களில்தான் பரவலாக வரத் தொடங்கியது.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பார்வை முன்பக்கத்தில் இருந்தது. "இதையெல்லாம் ஹேண்டில் போட்டுத்தான் கண்ணு ஸ்டார்ட் பண்ணோணும். பெருவிரல மத்த விரலோட ஒரே பக்கமா வெச்சுப் புடிக்கோணும். சுத்தி வளைச்சுப் புடிச்சீன்னா, எஞ்சின் திருப்பி அடிக்கறப்ப விரலு போயிரும்" என்றார். தன் வலது கையை நீட்டிக் காட்டினார். பெருவிரல் லேசாக வளைந்திருப்பதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீயணைப்பு வண்டி என்றால் நமக்கு மணிச்சத்தமும் சிவப்பு நிறமும்தான் ஞாபகம் வரும். அதில் போன ஆட்களை நினைக்க ஒரு நாள் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பம்பாய் விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் நின்றிருந்தது. உள்ளே பஞ்சு மூட்டைகள், அவற்றோடு சுமார் 1,400 டன் வெடிபொருள். மதியத்துக்கு மேல் பஞ்சில் புகை. பம்பாய் தீயணைப்புப் படை வந்து கப்பலுக்குள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது. மாலை நாலு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு தடவை. துறைமுகமும் அதைச் சுற்றிய பகுதிகளும் நாசமாயின. இறந்தவர்கள் 800 முதல் 1,300 வரை இருக்கும் என்பது கணக்கு. அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். கடைசி வரை ஹோஸ் பைப்பை விடாமல் நின்றவர்கள்.

அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்போர் தினமாகவும், 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரமாகவும் இருக்கிறது. நமக்கு அன்று பெரும்பாலும் சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 14 வயதில், 1964ல், ஒரு ஃபார்கோ லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஷெவர்லேயும் ஃபோர்டும்தான் நம் நாட்டுச் சாலைகளில் கொஞ்ச காலம் லாரியாக ஓடின. பிறகு பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கொண்டுவந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டு கட்டியது. எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆஸ்டின் காருக்காகத் தொடங்கிய தொழிற்சாலை, லேலண்டோடு சேர்ந்து காமெட் லாரியைக் கட்டியது. 1955ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா, ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு 1954ல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. முன்னால் மூக்கு நீட்டிய வண்டி, அதில் மூன்று முனை நட்சத்திரம். ஒப்பந்தம் 1969ல் முடிந்து நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்துவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் அதற்குப் பிறகும் வெகுகாலம் அது 'பென்ஸ் லாரி'தான்.

அப்பா டிரைவர் ஆனபிறகு முதலாளிக்காக ஜாம்ஷெட்பூர் போய் சேஸிஸ் எடுத்து வந்த கதையை இந்த முறைதான் முழுசாகச் சொன்னார். சேஸிஸ் என்றால் சேஸிஸ் மட்டும்தான். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங். கேபின் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. பெட்டிப் பலகையை வைத்துக் கட்டி அதன் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நாமக்கல் பட்டறை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். "மழை பேஞ்சா என்னங்கப்பா பண்ணுவீங்க?" என்றேன். "நனைவோம்" என்றார்.

1978ல் இன்னொருவரோடு கூட்டு சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கினார். என் பள்ளிக்கூடச் சம்பளம், அக்கா கல்யாணம் எல்லாம் அதில் வந்ததுதான். 1996ல் ஓட்டுவதற்கு ஆகாத நிலையில் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. அந்த வண்டிக்கு ஒரு போட்டோ கூட எங்களிடம் இல்லை. அக்காவின் காதுகுத்துப் படம் ஒன்றில், பந்தலுக்குப் பின்னால் பாதி பானெட் மட்டும் தெரியும். அவ்வளவுதான்.

மாரிஸ் வண்டி மட்டும் எப்படித் தப்பியது? ஒரே இடத்தில், ரயில்வே ஷெட்டுக்குள் இருந்தது. ஓய்வு கொடுத்தபின் யாரோ ஒருவருக்கு அதை எடைக்குப் போட மனசு வரவில்லை. 1977ல் டில்லி ரயில் மியூசியம் திறந்தார்கள், அதற்கு ஒரு வீடு கிடைத்தது. அதைவிட முக்கியம், 1964 முதல் டில்லியில் நடந்துவந்திருக்கும் ஸ்டேட்ஸ்மன் பழைய கார் ராலியில் இது பல வருஷம் தானே ஓடிக் கலந்துகொண்டிருக்கிறது. அதற்காக யாரோ ஒரு மெக்கானிக் எண்ணெய் விட்டு, மேக்னெட்டோவைத் துடைத்து, கை வலிக்கச் சுற்றியிருக்கிறார். இதே வகையில் உலகத்தில் மிஞ்சியிருப்பது இரண்டே என்கிறார்கள். இன்னொன்று இங்கிலாந்தில்.

மற்ற வண்டிகளின் கதி என்ன? 2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருந்தால் 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சந்தோஷமான செய்திதான். ஆனால் இது இரு சக்கர வண்டிக்கும் பயணிகள் காருக்கும் மட்டும். லாரியும் தீயணைப்பு வண்டியும் அந்த வரையறைக்குள் வராது. மகாராஜா உட்கார்ந்துபோன காருக்கு மரியாதை உண்டு, அதே அரண்மனைக்கு நெல் ஏற்றிப்போன லாரிக்குக் கிடையாது.

அதற்குமேல், 15 வருடம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று ஆகிவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு ஆகிய வேலைகளுக்கான சிறப்பு வாகனங்களுக்குத்தான் விலக்கு. இந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய வண்டி புகை கக்கும். தீ எரியும் இடத்தில் பம்பு காலை வாரினால் உயிர் போகும். ஓடுகிற வேலைக்குப் புது வண்டிதான் வேண்டும். நான் கேட்பது வேறு. கழித்துவிடும் நூறு வண்டியில் ஒன்றை, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றே ஒன்றை, ஒரு தீயணைப்பு நிலைய வாசலில் கூரை போட்டு நிறுத்தக் கூடாதா? அதை ஓட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த கியரில் எப்படி முரண்டு பிடிக்கும், எங்கே தட்டினால் ஓடும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் மிச்சம் வெறும் இரும்பு.

என்னால் சட்டத்தை மாற்ற முடியாது. முடிந்ததைச் செய்தேன். அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்துவைத்து, அப்பா ஓட்டிய வண்டிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். வருடம், மாடல், யாருடையது, எந்த ரூட், என்ன சரக்கு. ஒன்பது வண்டி. ஒன்பதுக்கும் நம்பர் ஞாபகம் வைத்திருக்கிறார். என் போன் நம்பர் கேட்டால் சொல்லத் தெரியாது!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். லாரியோ, பஸ்ஸோ, ரோடு ரோலரோ, தீயணைப்பு வண்டியோ ஓட்டியவர். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டபிறகு இதையும் கேளுங்கள். எழுதி வையுங்கள்.

மியூசியத்திலிருந்து கிளம்பும்போது மகள், "தாத்தா, இந்த வண்டி இப்பக் குடுத்தா ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள். அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஓட்டலாஞ்சாமி. கிளீனரா நீ வர்றியா?" என்றார்.