கொரோனாவில் ஒரு வீடு: லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தேடி ஒரு நாள்

நியூயார்க் நகருக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஒரு நாள் மிச்சமிருக்கிறது, எங்கே போகலாம்?' கேட்பவருக்கு இசையில் ஈடுபாடு உண்டென்று தெரிந்தால் நான் தயங்காமல் சொல்லும் விடை, மன்ஹாட்டனை விட்டுக் கிழக்கே போங்கள் என்பதுதான். டைம்ஸ் சதுக்கத்தில் 7ஆம் எண் ரயிலில் ஏறினால், ஆற்றின் அடியில் புகுந்து குயின்ஸ் பகுதியில் வெளிவந்து, அங்கிருந்து தெருக்களுக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ஓடும். முக்கால் மணி நேரத்துக்குள் 103ஆம் தெரு நிலையம் வந்துவிடும். ஊரின் பெயர் கொரோனா. பெருந்தொற்றுக்கு வெகுகாலம் முன்பே அமைந்த பெயர் அது. 2020 வசந்தத்தில் அந்த நோய் நியூயார்க்கில் மிகக் கொடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் இவ்வூரும் ஒன்றானது விதியின் குரூரமான சிலேடை.

நிலையத்தின் படியிறங்கினால் எங்கும் ஸ்பானிய மொழி. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் கடைகள், தள்ளுவண்டிகள். பத்து நிமிடம் நடந்தால் 107ஆம் தெரு. நெருக்கியடித்து நிற்கும் எளிய வீடுகளின் வரிசையில் செங்கல் முகப்புடன் ஒரு வீடு. இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற இசைக்கலைஞர்களில் ஒருவர் 28 ஆண்டுகள் வாழ்ந்த வீடு இதுதான் என்று சொன்னால் முதலில் நம்பத் தோன்றாது. அவராலேயே முதலில் நம்ப முடியவில்லை.

1942இல் ஆம்ஸ்ட்ராங் லூசில் வில்சனை மணந்தார். லூசில் காட்டன் கிளப்பில் நடனமாடியவர். ஆண்டில் 300 நாள் வரை ஊர் ஊராகக் கச்சேரி செய்து, விடுதி அறைகளையே வீடாகக் கொண்டிருந்த மனிதருக்குச் சொந்த வீடு என்பது ஏறக்குறைய அந்நியமான சிந்தனை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு லூசில் விடுதி அறையில் ஒரு சிறு மரத்தை அலங்கரித்து வைத்தார். தன் வாழ்நாளில் தனக்கென்று வைக்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் மரம் என்று அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம் ஆம்ஸ்ட்ராங். அடுத்தடுத்த ஊர்களுக்கும் அதை எடுத்துச் செல்ல வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததாகவும் சொல்வார்கள். 1943இல், கணவர் பயணத்தில் இருந்தபோது, தான் வளர்ந்த ஊரான கொரோனாவில் லூசில் இந்த வீட்டை வாங்கினார். ஊர் திரும்பிய ஆம்ஸ்ட்ராங் முகவரித் தாளுடன் டாக்ஸியில் வந்து இறங்கியபோது, ஓட்டுநர் விளையாடுகிறார் என்றே எண்ணினாராம். கதவு திறந்து லூசில் நின்ற பிறகுதான் ஐயம் தீர்ந்தது.

வீட்டைச் சிறு குழுவாக, வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்க முடியும். எனவே முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றுவது இது அருங்காட்சியகம் அல்ல, வீட்டுக்காரர் சற்று வெளியே போயிருக்கும் வீடு என்பதுதான். அறைகலன்கள் அந்தத் தம்பதியர் பயன்படுத்தியவையே. அடுக்களை முழுவதும் பளபளக்கும் நீலநிற அலமாரிகள். அவர்கள் பெயர் பொறித்து இவ்வீட்டுக்கென்றே செய்யப்பட்ட அடுப்பு. மேடைக்குள்ளேயே பொருத்திய மிக்ஸி. குளியலறையின் சுவரெங்கும் கண்ணாடி, பொன்முலாம் பூசிய குழாய்கள். நியூ ஆர்லியன்ஸின் ஏழைச் சேரியில் பிறந்து, சிறுவனாகவே நிலக்கரி வண்டியில் உழைத்த ஒருவரின் வீட்டில் அந்தக் குழாய்கள் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. சிறுவயதில் மறுக்கப்பட்ட ஒன்றைக் குழந்தையின் குதூகலத்தோடு அடைந்துகொண்டதாகவே தோன்றுகின்றன.

நின்று பார்க்க வேண்டியது மாடியிலுள்ள அவருடைய தனியறை. இரண்டு ஸ்பூல் டேப் ரிக்கார்டர்கள், இசைத்தட்டுகள், ஒரு மேசை. 1950களின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஆம்ஸ்ட்ராங் ஒலிநாடாக்களில் பதிந்துகொண்டே இருந்தார். தன் இசையை மட்டுமல்ல. நண்பர்களுடன் அரட்டை, நகைச்சுவைத் துணுக்குகள், மனைவியுடன் பேச்சு, பழைய தட்டுக்கு இணையாகத் தானே வாசித்துப் பார்த்தது, நினைவுகள், கோபங்கள். அப்படி 600க்கும் மேற்பட்ட நாடாக்கள். அவற்றின் அட்டைப்பெட்டிகளை நாளிதழ்ப் படங்களையும் புகைப்படங்களையும் வெட்டி ஒட்டி ஒட்டுச்சித்திரங்களாக மாற்றினார். வழிகாட்டி ஓரிடத்தில் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்தக் கரகரத்த குரல், எந்த மேடையும் இல்லாமல், அதே அறையில் பேசத் தொடங்கும். உடன் நிற்பவர்கள் சட்டென்று மௌனமாகிவிடுவார்கள்.

அந்தக் குரலைக் கேட்கப் போகிறவர் ஒரு பழைய வழக்கையும் அறிந்திருக்க வேண்டும். கைக்குட்டையும் பல்வரிசை தெரியும் சிரிப்புமாக மேடையேறிய ஆம்ஸ்ட்ராங், வெள்ளையரை மகிழ்விக்கத் தன் இனத்தின் மானத்தை விற்றவர் என்பது அவர்மீது அடுத்த தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்கள் வைத்த குற்றச்சாட்டு. 1949இல் நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவில் முகத்தில் சாயம் பூசி 'ஜூலுக்களின் அரசன்' வேடம் ஏற்றபோது அது உச்சத்தை எட்டியது. கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர் டிஸ்ஸி கில்லெஸ்பி, ட்ரம்பெட்டின் மற்றொரு மேதை. பண்ணையடிமைக் காலத்துப் பாத்திரம் என்ற பொருள்பட அவர் ஆம்ஸ்ட்ராங்கைச் சாடினார். வேடிக்கை என்னவென்றால், 1950களில் கில்லெஸ்பியும் குடியேறியது இதே கொரோனாவில், சில தெருக்கள் தள்ளித்தான்.

சிரித்தவர் மௌனியல்லர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா மாநிலம் 1956இல் சட்டத்தால் தடுத்தது. இரு இனத்தவரும் கலந்த தன் குழுவுக்கு இடமில்லாத ஊரில் வாசிக்க மாட்டேன் என்று பிறந்த ஊருக்கே போகாதிருந்து, 1965இல்தான் அங்கே மீண்டும் வாசித்தார். 1957 செப்டம்பரில், அர்கன்ஸாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் படையை நிறுத்தியிருந்த நாட்களில், வடக்கு டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் விடுதியறையில் லாரி லுபினோ என்ற இளம் நிருபரிடம் ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். அதிபர் ஐசன்ஹோவருக்குத் துணிவில்லை என்றார். அரசு சார்பில் சோவியத் யூனியனுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் உதறினார். ஆம்ஸ்ட்ராங்கா இப்படிப் பேசினார் என்று பத்திரிகை அலுவலகத்தில் ஐயப்பட்டார்கள். எழுதிய செய்தியை நிருபர் மறுநாள் கொண்டுபோய்க் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் எதையும் அடிக்கவில்லை. கீழே 'சாலிட்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாடெங்கும் கண்டனமும் புறக்கணிப்பு அழைப்புகளும் எழுந்தன. சில நாட்களில் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார்.

ஆனால் என் பார்வையில் அந்தக் குற்றச்சாட்டுக்கு அவர் அளித்த நீண்ட மறுமொழி இந்த வீடுதான். 1964இல் 'ஹலோ, டாலி!' பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கியது. எங்கு வேண்டுமானாலும் மாளிகை வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. போகவில்லை. அத்தெருவில் உழைத்துப் பிழைக்கும் கறுப்பர், இத்தாலியர், போர்ட்டோ ரிக்கோவினர் நடுவே இருந்தார். நாம் திண்ணை என்பதற்கு அங்கே ஈடு வாசற்படிகள். பயணம் முடிந்து வரும் நாட்களில் அந்தப் படிகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சூழ ட்ரம்பெட்டுடன் அமர்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. தன் வீட்டுக்குச் செங்கல் முகப்பு வைத்தபோது அண்டை வீட்டாரிடமும் போய், 'உங்கள் வீட்டுக்கும் என் செலவில் வைத்துத் தரட்டுமா?' என்று கேட்டாராம். 1967இல் அவர் பாடிய 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' அமெரிக்காவில் அப்போது விற்கவேயில்லை. 1987இல் ஒரு திரைப்படத்தில் ஒலித்த பிறகே அங்கு புகழ்பெற்றது. அப்பாடலைப் பாடும்போது தன் நினைவுக்கு வருவது கொரோனா என்றும், அங்கே பல தலைமுறைப் பிள்ளைகள் வளர்வதைத் தாமும் லூசிலும் பார்த்தோம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதை அறிந்து கேட்டால் அப்பாடலின் இனிப்பு குறைந்து பொருள் கூடுகிறது.

1971 ஜூலை 6 அன்று இவ்வீட்டில் உறக்கத்திலேயே இறந்தார். 1983இல் லூசில் மறைந்தபின், அவர் விரும்பியபடி வீடு நகரின் உடைமையானது. 2003இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. எதிரே 2023இல் திறக்கப்பட்ட புதிய மையத்தில் காட்சிக்கூடமும் ஆவணங்களும் உள்ளன.

இனி தெற்கே 108ஆம் தெருவில் நடக்கலாம். 52ஆம் அவென்யூ முனையில், 1940களிலிருந்து எலுமிச்சை ஐஸ் விற்கும் கடை. எதிர்ப் பூங்காவில் முதிய இத்தாலியர்கள் பந்துருட்டி விளையாடுவார்கள். சற்றுக் கிழக்கே விரியும் பெரும் பூங்கா ஒரு காலத்தில் நகரின் சாம்பல் கொட்டிய மேடு. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கு இதுவே. 1939 உலகக் கண்காட்சிக்காக அதை நிரவினார்கள். 1964 கண்காட்சியின் எச்சமாக 140 அடி உயர எஃகு உலக உருண்டை நிற்கிறது. அருகிலுள்ள குயின்ஸ் அருங்காட்சியகக் கட்டடத்தில்தான் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது, பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் 1947இல் நிறைவேறியதும் இங்கேதான். உள்ளே நியூயார்க் நகர் முழுவதும் ஓர் அங்குலத்துக்கு நூறடி என்ற அளவில் மாதிரியாக விரிகிறது. கொரோனாவின் சிறு சிறு கூரைகளை அங்கே தேடிப் பாருங்கள்.

மறுபடி 7ஆம் எண் ரயில். கடைசி நிலையம் ஃப்ளஷிங். அங்கே பௌன் தெருவில் 1661 வாக்கில் கட்டிய ஒரு மரவீட்டை வெளியிலிருந்தாவது பாருங்கள். அதற்குச் சற்று முன், 1657 டிசம்பரில், க்வேக்கர் பிரிவினரைத் துன்புறுத்தக் கூடாதென்று இவ்வூரார் முப்பது பேர் டச்சு ஆளுநர் ஸ்டைவெசன்ட்டுக்கு முறையீடு எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர்கூட க்வேக்கர் அல்லர். ஜான் பௌன் தன் வீட்டில் அவர்களைத் தொழ அனுமதித்து 1662இல் சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, வழக்கில் வென்று திரும்பினார். அதே தெருவில் இருபது நிமிடம் நடந்தால் கோபுரம் தெரியும். ஐ.நா. அதிகாரியாயிருந்த அழகப்பா அழகப்பன் முன்னின்று உருவாக்கிய மகா வல்லப கணபதி ஆலயம் அது. குடமுழுக்கு நடந்த நாள் 1977 ஜூலை 4. ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாளென்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததும் ஜூலை 4தான். 1901 ஆகஸ்ட் 4 என்பது அவர் இறந்தபின் கிடைத்த திருமுழுக்குப் பதிவால் தெரிந்தது. ஆலயத்தின் கீழ்த்தள உணவகத்தில் தோசையும் காபியும் முடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இப்பயணத்துக்கு ஏற்றது. எனினும் திறக்கும் நாட்களை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, வாயில் அடைக்கும் முன் ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் கல்மேல் வெள்ளை ட்ரம்பெட் ஒன்று கிடத்தப்பட்டிருக்கிறது. அதே தோட்டத்தில், பெயர்க்கல் ஏதுமில்லாமல், கில்லெஸ்பியும் 1993 முதல் உறங்குகிறார். 1979இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் தன் பழைய தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். தாம் இளமையில் அடிமைத்தனம் என்று கண்ட சிரிப்பு, இனவெறி தன் மகிழ்ச்சியைப் பறித்துவிட அனுமதிக்காத ஒருவரின் மறுப்பு என்று அதில் ஒப்புக்கொண்டார். அதைப் படித்துப் பார்க்க ஆம்ஸ்ட்ராங் அப்போது உயிருடன் இல்லை. ஒரே ஊரில் வாழ்ந்து ஒரே மண்ணில் கிடக்கும் இருவருக்கும் நடுவே சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்புங்கள். அன்றிரவு அறையில் அவர்களுடைய இசைத்தட்டைக் கேட்டால், சிரிப்பு வேறாக ஒலிக்கும்.