திறமைப் புள்ளிக் கணக்கு: ஒரு வழுவின் வரலாறு

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், பயனரின் கணினிக்கு வந்தது பாதி நிரல்தான். மறுபாதி நிறுவனத்தின் சேவையகத்தில் தங்கிவிட்டது. 2005இல் தொடங்கிய மாங்கோஸ், 2008இல் அதிலிருந்து கிளைத்த டிரினிட்டிகோர் ஆகிய கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் காணாத அப்பாதியை ஊகித்து எழுதின. ஏடு தொலைந்த நூலை உரைகாரர் காட்டிய மேற்கோள்களிலிருந்து மீட்பதற்கு ஒப்பான பணி இது. (சட்டம் இதற்கு அவ்வளவு இணக்கமாக இல்லை: பிளிசார்டின் மற்றொரு சேவையகத்துக்கு மாற்று எழுதிய பிஎன்இடிடி வழக்கில், 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது.)

ஊகம் தடுமாறிய இடங்களுள் ஒன்று திறமைப் புள்ளிக் கணக்கு. அன்றைய விதிப்படி கதைமாந்தர் பத்தாம் நிலை முதல் நிலைக்கொரு புள்ளி பெற்றார். 60ஆம் நிலையில் 51, 80ஆம் நிலையில் 71. தொடக்ககால நிரல் கற்ற திறமைகளையும் மந்திரங்களையும் ஒரே பட்டியலில் சேமித்து, செலவான புள்ளிகளை அதைக் கொண்டே எண்ணியது. 2009 ஏப்ரலில் வந்த 3.1 பதிப்பு ஒருவருக்கு இரண்டு திறமைத் தொகுதிகளை அனுமதித்தபோது அம்முறை உடைந்தது. ஒரு திறமை எத்தொகுதிக்கு உரியது என்பதைப் பழைய பட்டியலால் சொல்ல இயலாது. ஆகவே தொகுதி எண்ணையும் தாங்கிய தனி அட்டவணை தேவைப்பட்டது.

'டெத் நைட்' வகுப்பு தந்த சிக்கல் இதைவிடச் சுவையானது. அக்காலத்தில் அவ்வகுப்பினர் 55ஆம் நிலையிலேயே பிறந்தனர். பொது வாய்பாட்டின்படி பிறந்தவுடன் 46 புள்ளிகள் கிடைத்திருக்க வேண்டும். விளையாட்டிலோ ஒன்றும் கிடைக்கவில்லை. தொடக்க நிலப்பகுதியின் பணிகளை முடிக்க முடிக்கவே புள்ளிகள் சேர்ந்தன. சேவையக நிரல் இவ்வெண்ணிக்கையைத் தனியே எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு நுழைவின்போதும் முடித்த பணிகளிலிருந்து மீண்டும் கூட்டுகிறது. எனவே பணிகள் ஏற்றப்படும் முன்பே திறமைகளைக் கணக்கிட்டால், நேற்று ஈட்டிய புள்ளிகள் இன்று இல்லாமற்போகும். மந்திரங்களும் பணிகளும் ஏற்றப்பட்ட பின்னரே இக்கணக்கு என்ற குறிப்பு மூலநிரலில் ஒற்றை வரியாக நிற்கிறது. கல்வெட்டின் ஓம்படைக்கிளவியைப் போன்ற எச்சரிக்கை அது, காரணம் கூறாது.

அக்காரணம்தான் நமக்கு வேண்டும். மூலச் சேவையகம் ஆய்வாளருக்குத் திறக்கப்படாத ஆவணக் காப்பகம். திருத்தியவர் கையில் இருந்தவை பழைய பிணையப் பதிவுகளும் ஆட்டக்காரர் எடுத்த காணொளிகளுமே. 'திறமைக் கணக்கு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிய திருத்தக் குறிப்பு ஆட்டக்காரருக்குப் போதும். எதைப் பார்த்துத் திருத்தினார் என்று அதில் இல்லையெனில், பின்வருவோர்க்கு அது விளையாட்டைப் பற்றிய சான்றா, திருத்தியவரின் நினைவைப் பற்றிய சான்றா என்று பிரித்தறிய வழியில்லை.